குதிகாலில் எடுக்கும் அந்தச் சில சொட்டுகள்: செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரசவ வார்டுகளிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் பணிபுரியும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும்,

நீங்கள் குழந்தையின் குதிகாலில் எடுத்து அனுப்பும் ரத்தத்தில் அமினோ அமிலங்களின் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். உங்களில் பெரும்பாலோரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் அனுப்பும் கார்டு உங்களைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஓடிக்கொண்டே எடுத்தது எது, அருகில் அமர்ந்து பொறுமையாக எடுத்தது எது என்று உறையைப் பிரித்ததுமே தெரிந்துவிடும். இந்தப் பரிசோதனையின் முடிவு எங்கள் இயந்திரத்துக்குள் தீர்மானமாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி வார்டிலேயே, உங்கள் கையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நோயின் கதை உங்களுக்குப் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாக வந்திருக்கும். சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். பாலில் உள்ள புரதம் செரித்து அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. உடல் தன் வளர்ச்சிக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் படிப்படியாகச் சிதைக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. பிறவியிலேயே ஒரு நொதி வேலை செய்யாவிட்டால் அந்தப் படியில் சரக்கு தேங்கிப்போகும். பீனைல்அலனினை டைரோசினாக மாற்றும் கல்லீரல் நொதி இல்லாத குழந்தைக்கு வருவது பீனைல்கீட்டோனூரியா. சாதாரணமாக லிட்டருக்கு 120 மைக்ரோமோலுக்குக் கீழே இருக்கும் பீனைல்அலனின், நோயின் கடுமையான வகையில் 1200-ஐத் தாண்டிப்போகும். வளர்கிற மூளையை அது மெல்ல மெல்லக் கெடுக்கும். லூசின், ஐசோலூசின், வேலின் மூன்றையும் சிதைக்க முடியாத குழந்தைக்கு வருவது மேப்பிள் சிரப் சிறுநீர் நோய். இது மெல்ல வருவதல்ல. பிறந்த முதல் வாரத்திலேயே குழந்தையை மயக்கத்தில் தள்ளிவிடும். யூரியா சுழற்சியில் கோளாறு இருந்தால் அமோனியா ஏறி இரண்டு மூன்று நாட்களிலேயே வலிப்பு வரலாம்.

இந்தக் குழந்தைகள் நல்ல எடையோடு பிறப்பார்கள். பிறந்ததும் நன்றாக அழுவார்கள். கருவில் இருக்கும்வரை தேங்குவதை எல்லாம் நஞ்சுக்கொடி வழியாக அம்மாவின் உடலே வாங்கிச் சுத்தம் செய்துவிடுகிறது. கொடியை அறுத்த பிறகுதான், பால் உள்ளே போன பிறகுதான், அளவு ஏறத் தொடங்குகிறது. பிறந்து 48 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையில் ரத்தம் எடுக்கச் சொல்வதன் காரணம் இதுவே. முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் அளவு சரியாக இருந்தால் அதை நம்பிக் குழந்தையை விட்டுவிட முடியாது. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தால், போகும் முன் ஒரு முறை எடுத்துவிட்டு, திரும்ப எந்தத் தேதியில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பாட்டி ஒருவர் யாருக்கும் தெரியாமல் சேனை வைத்திருப்பார். தாய்ப்பால் இறங்கவில்லை என்று இரண்டு நாளும் சீனித்தண்ணீரே கொடுத்திருப்பார்கள். சீனியில் புரதம் இல்லை. அமினோ அமிலமும் ஏறாது. குழந்தைக்கு 60 மணி நேரம் ஆகியிருக்கும், ஆனால் சோதனைக்கு அது முதல் நாள் குழந்தைதான். அதனால் "பால் குடிக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன கொடுத்தீர்கள், எத்தனை தடவை என்று கேட்டு, கேட்டதைப் படிவத்தில் எழுதுங்கள். குளுக்கோஸ் மட்டும் ஏறிய குழந்தையா, நரம்பு வழியாக அமினோ அமிலக் கரைசல் ஏறும் குழந்தையா, ரத்தம் ஏற்றப்பட்ட குழந்தையா என்பதையும் எழுதுங்கள். கரைசல் ஏறும் குழந்தையிடம் பல அமிலங்கள் ஒன்றாக உயர்ந்து தெரியும். குறைமாதக் குழந்தையிடம் டைரோசின் சில நாட்களுக்குத் தானாகவே ஏறி இறங்கும். இவை எழுதப்படாத படிவம் எங்களிடம் வந்தால், இல்லாத நோயைத் தேடி ஒரு குடும்பத்தை அலைக்கழிக்கிறோம்.

இனி குத்துவது பற்றி. உங்களுக்கே நான் சொல்லிக்கொடுப்பதா என்று நினைக்க வேண்டாம். எங்கள் மேசைக்கு வந்து சேர்வதைப் பார்த்தே எழுதுகிறேன். குதிகாலின் உட்புற ஓரம் அல்லது வெளிப்புற ஓரம், இவை இரண்டே இடங்கள். நடுவில் எலும்பு மிக அருகில் இருக்கிறது. வெதுவெதுப்பான துணியால் சில நிமிடம் பொதிந்து வைத்தால் ரத்தம் தானாக வரும். ஸ்பிரிட் தடவினால் அது காயும்வரை பொறுங்கள். முதல் சொட்டைக் காய்ந்த பஞ்சுத்துணியால் துடைத்துவிடுங்கள். அதில் திசுநீர் கலந்திருக்கும். காலைப் பிடித்துப் பிழியக் கூடாது. பிழிந்தால் ரத்த அணுக்கள் உடையும், திசுநீர் சேர்ந்து ரத்தம் நீர்த்துப்போகும். பெரிய சொட்டு திரளும்வரை காத்திருந்து, கார்டை அதன்மேல் மெல்லத் தொட வைத்தால் வட்டம் ஒரே தடவையில் நிரம்பிவிடும்.

நிரம்பாவிட்டால்தான் ஆபத்து தொடங்குகிறது. பாதி நிரம்பிய வட்டத்தின்மேல் இன்னொரு சொட்டு வைப்பது, தோசை வேகும்போதே அதன்மேல் இன்னொரு கரண்டி மாவு ஊற்றுவதைப் போன்றது. ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் போகும். நாங்கள் அந்த வட்டத்திலிருந்து 3.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு வில்லையைத் துளைத்து எடுக்கிறோம். அதில் இருக்கும் ரத்தம் ஏறக்குறைய 3 மைக்ரோலிட்டர்தான். அவ்வளவு குறைந்த ரத்தத்தில் அளக்கும்போது, தடித்த இடத்தில் துளைத்தால் இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். மெலிந்த இடத்தில் துளைத்தால் இருக்கும் நோய் மறைந்துபோகும். இரண்டாவதை நினைத்தால்தான் எனக்குப் பயம். ரத்தம் எடுத்ததும் கார்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் தெரியும் அளவு சிவப்பு பின்பக்கமும் தெரிய வேண்டும். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் அந்த வட்டம் பயன்படாது. சிவப்பைச் சுற்றி வெளிறிய மஞ்சள் வளையம் தெரிந்தால் ஈரமோ ஸ்பிரிட்டோ கலந்திருக்கிறது. அதுவும் பயன்படாது. வட்டத்துக்குள் விரல் வைக்காதீர்கள். கையில் தடவும் சானிடைசரும் ஒரு துளி பாலும்கூட அளவைக் குழப்பிவிடும்.

எடுத்த கார்டைத் தட்டையாக, மற்றொன்றின்மேல் படாமல், மூன்று நான்கு மணி நேரம் சாதாரண அறை வெப்பத்தில் உலர விடுங்கள். அவசரம் என்று குழந்தையின் வார்மருக்கு அடியில் வைப்பதும், ஜன்னலோர வெயிலில் வைப்பதும் கூடாது. நன்றாக உலராத கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினால் மழைக்காலத்தில் அது எங்களிடம் வருவதற்குள் நசநசத்துப்போகிறது. உலர்ந்ததும் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பினால் கூரியர் செலவு மிச்சமாகும். மேப்பிள் சிரப் நோய் உள்ள குழந்தைக்கோ அந்த ஒரு வாரம்தான் உயிர்.

எனக்கு மிகவும் மன வருத்தம் தருவது ரத்தப்பொட்டைவிடப் படிவம்தான். அம்மாவின் பெயரோடு 'பேபி ஆஃப்' என்று மட்டும் எழுதிய படிவங்கள் வருகின்றன. முகவரி கணவர் வீட்டுடையது. பிரசவத்துக்கு வந்த பெண்ணோ தாய்வீட்டில், வேறு மாவட்டத்தில் இருப்பாள். எழுதியிருக்கும் கைபேசி எண் கணவருடையது. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்டில் இருப்பார், அல்லது துபாயில் இருப்பார். லூசின் பல மடங்கு ஏறிய ஒரு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிற்கும் நிலை எந்தக் கூடத்துக்கும் வரக் கூடாது. அடுத்த இரண்டு வாரம் குழந்தை எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கும் என்று கேளுங்கள். அந்த வீட்டில் உள்ள ஒருவரின் எண்ணும் வேண்டும். பாட்டியின் எண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. இரட்டைக் குழந்தைகள் என்றால் ஒன்று, இரண்டு என்று கார்டிலேயே குறியுங்கள்.

கார்டு எங்களிடம் வந்தபின் டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி சில நிமிடங்களில் ஒரே வில்லையிலிருந்து பல அமினோ அமிலங்களையும் கொழுப்பு அமிலக் கோளாறுகளைக் காட்டும் பொருட்களையும் சேர்த்து அளந்துவிடும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. லூசின், ஐசோலூசின், அல்லோஐசோலூசின் மூன்றும் ஒரே எடை. கருவிக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். மேப்பிள் சிரப் நோய்தான் என்று உறுதி சொல்லும் அல்லோஐசோலூசினைப் பிரித்துப் பார்க்க வேறு முறையில், குழாயில் எடுத்த ரத்தம் வேண்டும். கார்டில் வருவது சந்தேகம். குழாயில் வருவதுதான் தீர்ப்பு.

அந்தக் குழாய் ரத்தத்தில்தான் நேரம் மிக முக்கியம். ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாயில், முடிந்தால் அடுத்த பால் கொடுப்பதற்குச் சற்று முன்பாக எடுத்து, பனிக்கட்டி நீரில் வைத்து, உடனே கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்தால் குளுட்டமின் குறைந்து குளுட்டமேட் ஏறும். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஆர்ஜினேஸ் நொதி ஆர்ஜினினை ஆர்னிதினாக மாற்றிக்கொண்டே இருக்கும். அமோனியா ஏறிய குழந்தைக்கு எந்த நொதி இல்லை என்று கண்டுபிடிக்க நாங்கள் பார்ப்பதே இந்த அமிலங்களைத்தான். குளுட்டமின் உயர்ந்து சிட்ருலின் இல்லாத அளவுக்குக் குறைந்திருந்தால் கோளாறு யூரியா சுழற்சியின் முதல் படிகளில். சிட்ருலின் பல மடங்கு ஏறியிருந்தால் அதற்கு அடுத்த படியில். இரண்டுக்கும் மருந்தும் உணவும் ஒன்றல்ல. ஒரு மணி நேரம் டிராலியில் மறந்து கிடந்த குழாய் இந்த வித்தியாசத்தையே அழித்துவிடுகிறது. குழாய் கிளம்பும்போது எங்களுக்கு ஒரு போன் செய்தால், சென்ட்ரிஃப்யூஜைத் தயாராக வைத்திருப்போம்.

இப்போது உங்கள் கண்ணையும் மூக்கையும் பற்றிச் சொல்ல வேண்டும். 1934-இல் நார்வேயில் போர்க்னி ஏகலான் என்ற தாய், பேச்சும் புத்தியும் வளராத தன் இரண்டு பிள்ளைகளுடன் பல மருத்துவர்களைப் பார்த்து அலைந்தவர். பிள்ளைகளிடம் ஒரு வித்தியாசமான வாடை வருகிறது என்று அவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் மட்டும் அதைப் பொருட்படுத்தி, சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார். அது பச்சையானது. பீனைல்கீட்டோனூரியா கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான். 1950-களின் தொடக்கத்தில் பர்மிங்காமில் ஷீலா என்ற சிறுமியின் தாய், நோயைக் கண்டுபிடித்தால் போதாது, சிகிச்சை கொடுங்கள் என்று தினமும் காலையில் கூடத்து வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பதில் சொல்லத்தான் ஹோர்ஸ்ட் பிக்கெலும் உடன் இருந்தவர்களும் பீனைல்அலனின் குறைந்த முதல் உணவைத் தயாரித்தார்கள். ராபர்ட் கத்ரி அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1960-களின் தொடக்கத்தில் வடிதாளில் ஊறிய ரத்தப்பொட்டையும் ஒரு பாக்டீரியாவையும் வைத்துச் சோதனையை எல்லாக் குழந்தைக்கும் கொண்டுபோனார். அவருடைய மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறை இருந்தது. மனைவியின் சகோதரி மகளுக்குப் பீனைல்கீட்டோனூரியா. இந்தச் சோதனையின் வரலாறு முழுக்க, குழந்தைக்கு மிக அருகில் இருந்தவர்கள்தான் விஞ்ஞானத்தை நகர்த்தியிருக்கிறார்கள். வார்டில் அந்த இடம் உங்களுடையது.

மேப்பிள் சிரப் நோயில் முதலில் வாசனை வருவது காதுக் குறும்பியில். பிறகு சிறுநீரில். சர்க்கரைப்பாகு கருகிய மாதிரி இருக்கும். நம் வீடுகளில் ஒரு குழப்பம் வரும்: தாய் வெந்தயம் நிறையச் சாப்பிட்டிருந்தாலும் குழந்தையிடம் அதே வாசனை வரும், ஏனென்றால் வாசனைக்குக் காரணமான வேதிப்பொருள் ஒன்றே. அதனால் வாசனை மட்டும் வந்ததால் நோய் என்று சொல்லிவிட முடியாது. வெந்தயக் களிதான் காரணம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. மூன்றாம் நாள்வரை நன்றாகக் குடித்த குழந்தை நான்காம் நாள் "பால் இழுக்கல சிஸ்டர், தூங்கிட்டே இருக்கு" என்று வந்தால் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது கிருமித்தொற்றுதான். அப்படித்தான் தோன்ற வேண்டும், அதற்கான சிகிச்சையும் தொடங்க வேண்டும். ஆனால் அதே ஊசியில் அமோனியாவுக்கும் அமினோ அமிலத்துக்கும் ரத்தம் எடுக்கலாமா என்று பணியில் இருக்கும் டாக்டரிடம் கேளுங்கள். முன்பு ஒரு குழந்தை காரணம் தெரியாமல் முதல் வாரத்தில் இறந்த வீடு என்றால் கட்டாயம் கேளுங்கள். ரத்தம் எடுக்கக் காத்திருந்து சிகிச்சையைத் தாமதிக்க மட்டும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் சொந்தத்தில் நடக்கும் திருமணம் நான்கில் ஒன்றுக்கும் மேல் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. மாமன் மகள், அத்தை மகன் மட்டுமல்ல, அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவதும் நம்மிடம் உண்டு. பெற்றோர் இருவரிடமும் ஒரே மரபணுக் குறை இருக்கும் வாய்ப்பு இதனால் கூடுகிறது. இருவருமே கடத்துபவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. இதை அந்தப் பெண்ணிடம் குற்றம்போலச் சொல்லிவிடாதீர்கள். கல்யாணத்தை அவள் மட்டும் முடிவு செய்யவில்லை. குறை அப்பாவிடமும் பாதி இருக்கிறது. பழி முழுவதும் மருமகள் தலையில் விழும் வீடுகளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

சந்தேகம் வந்த குழந்தையைத் திரும்பக் கூப்பிடும்போது "நோய் இருக்கு" என்று சொல்லாதீர்கள். "இன்னொரு தடவை பார்க்கணும், இன்றைக்கே வாங்க" என்பது போதும். தாய்ப்பாலை நிறுத்தவும் நீங்களாகச் சொல்லாதீர்கள். பீனைல்கீட்டோனூரியாவில்கூடப் பசும்பாலைவிடத் தாய்ப்பாலில் பீனைல்அலனின் குறைவு; அளந்து கொடுத்தபடி சிகிச்சையைத் தொடர முடியும். அமோனியா ஏறிய குழந்தைக்கு எதை, எத்தனை மணி நேரம் நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்வார்.

சிகிச்சை கிடைக்குமா என்று கேட்பீர்கள். சிறப்பு உணவு மாவுகள் விலை அதிகம், பலவும் இறக்குமதி. இதை மறைக்க விரும்பவில்லை. 2021-இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், சிறப்பு உணவால் கட்டுப்படும் நோய்களின் பட்டியலில் மேலே சொன்ன நோய்களும் இடம்பெற்றிருக்கின்றன. கோவா 2008-இலேயே எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் சோதனையைத் தொடங்கியது. நாடு முழுவதும் கட்டாயமான திட்டம் இல்லாதது என்னைப் பொறுத்தவரை பெருங்குறை. அது வரும்வரை கையில் இருக்கும் கார்டையாவது வீணாக்காமல் இருப்போம்.

கடைசியாக, சொல்லக் கடினமான ஒன்று. எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்ற முடிவதில்லை. காரணம் தெரியாமல் ஒரு குழந்தை கைநழுவிப் போகிறது என்று தெரிந்தால், பெற்றோரின் சம்மதத்தோடும் டாக்டரின் அனுமதியோடும் ஒரு கார்டில் ரத்தப்பொட்டுகள் எடுத்து உலர்த்தி, பெயரும் தேதியும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு வருடம் கழித்து அதே தாய் மறுபடி கருவுற்று வரும்போது மருத்துவர்களுக்குக் கைகொடுப்பது அந்த ஒரு கார்டாக இருக்கலாம். அது இல்லாவிட்டால் அடுத்த குழந்தையையும் இருட்டில்தான் தேட வேண்டும்.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். ஒரே ஆள் இரவில் எத்தனை கட்டில்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும். ஆள் கூட்டித் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அதற்காக நீங்கள் கேட்கும்போது உங்களோடு நாங்களும் கேட்போம். நாளை பணிக்குப் போனதும் உங்கள் வார்டில் கார்டுகள் எங்கே உலர்கின்றன, பச்சை மூடிக் குழாய் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். மாதிரி அனுப்பும் கூடத்தின் எண்ணை டூட்டி மேசையில் ஒட்டிவையுங்கள். சந்தேகம் வந்தால் நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அமினோ அமிலப் பரிசோதனைக்கூடத்தில் பணிபுரியும் ஓர் உயிர்வேதியியலாளர்